கியூபப் புலம்பெயர்ந்தோரின் ஆவணங்களைத் தேடிப் படிக்கும் முறை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கியூபாவை விட்டு வெளியேறியவர்களின் வரலாற்றைப் படிக்கப் புறப்படும் ஒருவர் முதல் நாளிலேயே செய்யக்கூடிய தவறு, மயாமியில் சேர்ந்திருக்கும் காகிதங்கள் அனைத்தையும் ஒரே வரலாற்றின் பக்கங்களாக எண்ணிக்கொள்வதுதான். 1961-இல் விமானத்தில் வந்திறங்கிய வழக்கறிஞரும், 1980-இல் நெரிசலான படகில் வந்த கட்டடத் தொழிலாளியும், 1994-இல் டயர் ட்யூப்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தில் வந்த இளைஞரும் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள்; ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற காகிதங்கள் ஒரே வகையின அல்ல, ஒரே அளவின அல்ல, ஒரே காரணத்துக்காகச் சேர்த்துவைக்கப்பட்டவையும் அல்ல. ஆகவே ஒரு தொகுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதை யார் சேர்த்தார், எப்போது சேர்த்தார், ஏன் சேர்த்தார் என்று கேட்கப் பழக வேண்டும். மாணவர்கள், இதழாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் என எவராயினும், காப்பகத்தில் இதுவரை உட்கார்ந்து படித்திராதவர்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதல் படி: எந்த அலை என்பதை முடிவு செய்தல்

கியூபாவிலிருந்து நாடு நீங்குதல், காஸ்ட்ரோவின் புரட்சி வென்ற 1959-இல் தொடங்கியதன்று. ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிராகப் பேசியதால் 1823-இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் வரேலா முதல், 1892-இல் கியூபப் புரட்சிக் கட்சியை அமெரிக்க மண்ணிலேயே நிறுவிய ஹோசே மார்த்தி வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கியூப அரசியலில் பெரும்பகுதி வெளிநாட்டில் இருந்தபடியே நடந்தது. கீ வெஸ்ட்டிலும் தாம்பாவின் ஈபோர் சிட்டியிலும் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் அந்த அரசியலுக்குப் பணம் கொடுத்தார்கள். கீ வெஸ்ட்டில் 1871-இல் அவர்கள் தொடங்கிய சான் கார்லோஸ் நிறுவனம் இன்றும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டிலும் ஆட்சி மாறும்போதெல்லாம் தோற்றவர்கள் மயாமிக்கு வந்தார்கள். 1933-இல் வீழ்ந்த சர்வாதிகாரி ஹெரார்தோ மச்சாதோவும், 1952-இல் பட்டிஸ்டாவின் (1959 புரட்சி வீழ்த்திய சர்வாதிகாரி) சதியால் பதவியிழந்த குடியரசுத் தலைவர் கார்லோஸ் ப்ரியோவும் மயாமியில் ஒரே கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார்கள்.

1959-க்குப் பிந்தைய காலத்தைப் படிப்பவர் கீழ்க்கண்ட பிரிவுகளையாவது மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். புரட்சி வென்ற நாள் தொடங்கி 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடியால் விமானங்கள் நிற்கும் வரை ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். இதே காலத்தில், 1960 டிசம்பருக்கும் 1962 அக்டோபருக்கும் இடையே, பெற்றோர் இல்லாமல் தனியாக அனுப்பப்பட்ட குழந்தைகள் 14,000-க்கும் மேற்பட்டோர். இந்த ஏற்பாட்டைப் பெத்ரோ பான் நடவடிக்கை என்று அழைப்பார்கள். 1965-இல் கமரியோக்கா துறைமுகத்திலிருந்து படகுகள் புறப்பட்டன. அதைத் தொடர்ந்து 1973 வரை வரதேரோவிலிருந்து மயாமிக்கு ஓடிய ‘விடுதலை விமானங்கள்’ ஏறத்தாழ மூன்று லட்சம் பேரைக் கொண்டுவந்தன. 1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மரியெல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் வந்தார்கள். 1994 கோடையில் தெப்பங்களில் கடலில் இறங்கிய 30,000-க்கும் மேற்பட்டோரை அமெரிக்கக் கடலோரக் காவல்படை இடைமறித்தது. அவர்களில் பெரும்பாலோர் கியூபாவிலேயே உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாந்தநாமோவின் முகாம்களில் மாதக்கணக்கில் வைக்கப்பட்டார்கள். இவர்களைப் பால்செரோக்கள் என்பார்கள்.

ஒவ்வோர் அலையும் வெவ்வேறு வகைக் காகிதத்தை உண்டாக்கியது. முதல் அலையில் வந்தவர்கள் படித்தவர்கள், சங்கம் வைத்துப் பழகியவர்கள். எனவே கூட்டக் குறிப்புகள், அறிக்கைகள், கடிதங்கள், பத்திரிகைகள் என்று குவிந்து கிடக்கின்றன. விடுதலை விமானங்களின் காலத்தைப் படிக்கப் பெயர்ப்பட்டியல்களும் மறுகுடியமர்த்தல் ஆவணங்களும் உதவும். மரியெலில் வந்தவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது ஏராளம், அவர்களே எழுதியது ஒப்பீட்டளவில் குறைவு. தெப்பக்காரர்களின் காலத்துக்கு வரும்போது முகாம்களில் கையால் தயாரித்த செய்தித்தாள்களும், ஓவியங்களும், ஒளிப்படங்களும் முதன்மையாகிவிடுகின்றன. கேள்வி எந்த அலையைச் சார்ந்தது என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்தது.

இரண்டாம் படி: எந்தக் காப்பகம்

பெரும்பாலோர் தொடங்க வேண்டிய இடம், கோரல் கேபிள்ஸில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்தின் ஆட்டோ ரிக்டர் நூலகத்தில் இயங்கும் கியூபப் பாரம்பரியத் தொகுப்பு. தனிப் பிரிவாக 1998-இல் அமைக்கப்பட்ட இத்தொகுப்பு 2003 முதல் ரொபெர்த்தோ கொய்சுவெத்தா பெயரிலான மண்டபத்தில் இருக்கிறது. அந்தக் கொய்சுவெத்தா, கியூபாவிலிருந்து வந்து கோகோ கோலா நிறுவனத்தின் தலைவராக உயர்ந்தவர். ஆனால் தொகுப்பின் உண்மையான தொடக்கம் அதற்கு மூன்று தலைமுறை மாணவர்களுக்கு முன்பே நிகழ்ந்தது. கியூபாவில் நூலகப் பணி செய்துவிட்டு நாடு நீங்கி வந்த ரோசா அபெல்யா, கவிஞருமான ஆனா ரோசா நூன்யெஸ், பின்னர் தொகுப்பின் தலைவரான எஸ்பெரான்சா ப்ராவோ தெ வரோனா ஆகியோர், வேறெவரும் குப்பை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய துண்டறிக்கைகளையும் இலவசப் பத்திரிகைகளையும் 1960-களிலிருந்து சேர்த்து வைத்தார்கள். நாடு நீங்கியவர்களே நூலகர்களாகவும் இருந்ததால்தான் அவை பிழைத்தன. அதே காரணத்தால், அவர்கள் கண்ணுக்குப் படாதவை பிழைக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்த இலவசப் பத்திரிகைகளுக்குக் கியூபர்கள் வைத்த பெயர் பெரியோதிக்கித்தோ, அதாவது சின்னப் பத்திரிகை. தமிழ் வாசகர் இதை நம் இலக்கியச் சிறுபத்திரிகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவை மளிகைக் கடையிலும் காப்பிக் கடையிலும் அடுக்கிவைக்கப்பட்டு, உள்ளூர் விளம்பரத்தால் பிழைத்த மலிவுத்தாள் ஏடுகள். காரசாரமான அரசியல் தலையங்கத்துக்குப் பக்கத்திலேயே பல் மருத்துவரின் விளம்பரமும் இறுதிச்சடங்கு நிறுவனத்தின் விளம்பரமும் இருக்கும். என் கருத்தில் தொகுப்பிலேயே மிகப் பயனுள்ள பகுதி இதுதான், ஏனெனில் தலைவர்கள் பிற்காலத்துக்கென்று எழுதிய கடிதங்கள் காட்டாத அன்றாட வாழ்க்கையை இந்த விளம்பரங்கள் காட்டுகின்றன. இத்தகைய தலைப்புகள் நூற்றுக்கணக்கில் அங்கே உள்ளன. சில ஓரிரு இதழ்களோடு நின்றுபோனவை.

அதே தொகுப்பில், வந்திறங்கியவர்களைப் பதிவு செய்த கியூப அகதிகள் மையத்தின் ஆவணங்களும், ஆப்பிரிக்க-கியூபச் சமயங்களை ஆராய்ந்த லிதியா கப்ரேராவின் (1899–1991) குறிப்பேடுகளும் கடிதங்களும், பட்டிஸ்டாவின் காகிதங்களும், 1961-இல் மயாமியில் தொடங்கிய ‘கியூபா பற்றிய உண்மை’ குழுவின் கோப்புகளும் இருக்கின்றன. வாய்மொழி வரலாற்றை விரும்புபவர் லூயிஸ் பொத்திஃபோல் பெயரிலான நேர்காணல் திட்டத்தின் பதிவுகளைக் காணலாம். முதல் தலைமுறையினர் தங்கள் குரலிலேயே பேசும் காணொளிகள் அவை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இசையைத் தேடுபவர் ஃப்ளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்துக்குத்தான் செல்ல வேண்டும்; கிறிஸ்தோபல் தியாஸ் அயாலா வாழ்நாள் முழுவதும் சேர்த்த இசைத்தட்டுகள் அங்கே உள்ளன, அவர் தொகுத்த கியூப இசைத்தட்டுகளின் விரிவான பட்டியலையும் அப்பல்கலைக்கழகம் இணையத்தில் தருகிறது. குடும்ப வழித்தோன்றலைத் தேடுபவர்க்கும் அதே நூலகத்தில் ஒரு வம்சாவளித் தொகுப்பு உண்டு. பெத்ரோ பான் குழந்தைகளைப் பற்றிய ஆவணங்கள் பாரி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்நடவடிக்கையை மயாமியில் நடத்திய பாதிரியார் பிரையன் வால்ஷின் பணியோடு இணைந்தவை அவை. குழந்தைகளைப் பற்றிய தனிநபர் கோப்புகள் என்பதால் எல்லாவற்றையும் எவரும் புரட்டிப் பார்க்க இயலாது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். தொலைக்காட்சிச் செய்திப்படங்களுக்கு மயாமி டேட் கல்லூரியின் வுல்ஃப்சன் காப்பகம். இலக்கியவாதிகளின் கைப்பிரதிகளைத் தேடுபவர் ஃப்ளோரிடாவை விட்டு வடக்கே செல்ல வேண்டியிருக்கும்: ரெய்னால்தோ அரேனாஸ், கியெர்மோ கப்ரேரா இன்ஃபாந்தே ஆகியோரின் காகிதங்கள் ப்ரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கரீபியக் கடல்வழிக் குடிபெயர்வு பற்றிய ஒரு தொகுப்பு ட்யூக் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதில் கியூபர்களோடு ஹெய்ட்டியர்களையும் சேர்த்துப் பார்க்க முடியும் என்பது அதன் தனிச்சிறப்பு.

மூன்றாம் படி: வீட்டிலிருந்தே பட்டியலைப் படித்தல்

காப்பகம் நூலகத்தைப் போன்றதன்று. நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பதிவு உண்டு. காப்பகத்தில் ஒரு மனிதரின் அல்லது அமைப்பின் காகிதங்கள் மொத்தமாக ஒரே பதிவுக்குள் அடங்கியிருக்கும். அந்தப் பதிவோடு இணைந்த விவரப் பட்டியல்தான் நுழைவாயில். அதில் முதலில் காகிதங்களின் உரியவரைப் பற்றிய குறிப்பு, பிறகு அவை எப்படி வந்தன என்ற தகவல், பிறகு பெட்டி எண், கோப்பு எண், கோப்பின் தலைப்பு என்ற வரிசையில் விவரம் இருக்கும். புதியவர்கள் நேராகப் பெட்டிப் பட்டியலுக்குத் தாவிவிடுகிறார்கள். அது வேண்டாம், காகிதங்கள் எப்படி வந்தன என்ற பத்தியை முதலில் படிக்க வேண்டும். கணவர் இறந்தபின் மனைவி கொடுத்தவையா, உரியவரே உயிரோடிருக்கும்போது தேர்ந்தெடுத்துக் கொடுத்தவையா என்பதைப் பொறுத்து உள்ளே எதை எதிர்பார்க்கலாம் என்பது மாறும்.

தேடுசொற்களில் கவனம் தேவை. அமெரிக்க நூலகப் பட்டியல்களின் பொருள்தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆவணங்களோ ஸ்பானிய மொழியில் இருக்கும். அரசாங்கம் இவர்களை அகதி என்ற பொருள்தரும் ‘ரெஃப்யூஜி’ என்று எழுதியது. தங்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் ‘எக்ஸிலியாதோ’ என்றே எழுதினார்கள், ஏனெனில் தாங்கள் திரும்பிப் போகப்போகிறவர்கள் என்பதே அவர்களின் நம்பிக்கை. ஒரே கூட்டத்தைப் பற்றிய கோப்புகள் இவ்விரு சொற்களின் கீழும் பிரிந்து கிடக்கும் என்பதால் இரண்டையும் தேட வேண்டும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஹவானாவில் இருந்த எண்ணற்ற அமைப்புகள் மயாமியில் மீண்டும் உருவெடுத்தபோது, தங்கள் பழைய பெயரோடு ‘லிப்ரே’ என்ற சொல்லையோ ‘என் எல் எக்ஸிலியோ’ என்ற தொடரையோ சேர்த்துக்கொண்டன. முன்னது ‘சுதந்திர’ என்றும் பின்னது ‘புலம்பெயர்வில்’ என்றும் பொருள்படும். ஹவானாவின் ‘பொஹேமியா’ வார இதழை, 1960-இல் நாட்டை விட்டு வெளியேறிய அதன் ஆசிரியர் ‘பொஹேமியா லிப்ரே’ என்று வெளியே நடத்தினார்; ஹவானாவில் ‘பொஹேமியா’ தொடர்ந்து வந்தது. நகைச்சுவை ஏடான ‘சிக்-சாக்’குக்கும் ‘சிக்-சாக் லிப்ரே’ என்ற மயாமி வடிவம் உண்டானது. கியூபாவின் ஊர்களுக்குக் கூட ‘என் எல் எக்ஸிலியோ’ சங்கங்கள் இருந்தன. ஆகவே இவ்விரு தொடர்களையும் மட்டும் தேடுபெட்டியில் இட்டுப் பார்த்தாலே ஒரு சமூகம் தன்னை மறுபடியும் எழுப்பிக்கொண்ட விதம் பட்டியலாக வந்து நிற்கும்.

பெயர்களும் தொல்லை தரும். கியூபர்களுக்கு வழக்கமாக இரண்டு குடும்பப் பெயர்கள்: முதலாவது தந்தையுடையது, இரண்டாவது தாயுடையது. கப்ரேரா இன்ஃபாந்தே என்பவரை ‘க’வில் தேட வேண்டும், ‘இ’யில் அன்று. ஆனால் அமெரிக்க அலுவலகங்கள் கடைசிப் பெயரையே குடும்பப் பெயராக எண்ணிப் பதிந்திருக்கும், அல்லது இரண்டாவதை அறுத்து எறிந்திருக்கும். மணமான பெண்களின் பெயரில் ‘தெ’ சேரும். மேலே சொன்ன நூலகரே ஓரிடத்தில் ப்ராவோ தெ வரோனா என்றும் இன்னோரிடத்தில் தெ வரோனா என்றும் வருவார். ஒருவரைத் தேடும்போது அவர் பெயரின் எல்லா வடிவங்களையும் தாளின் மேல் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதே வழி.

ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப்பட்டவை கணிசமாக இருக்கின்றன. மயாமி பல்கலைக்கழகத்தின் எண்ணிமத் தொகுப்புகளையும், 2004-இல் தொடங்கப்பட்ட கரீபிய எண்ணிம நூலகத்தையும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பயணச் செலவை யோசிக்கும் மாணவர் இவற்றிலிருந்தே ஒரு நல்ல கட்டுரை எழுதிவிட முடியும். எனினும் இணையத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒளிப்படங்களும், அழகான அஞ்சலட்டைகளும், புகழ்பெற்றவர்களின் கடிதங்களுமே. சங்கங்களின் கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் செய்ய யாரும் அவசரப்படுவதில்லை.

நான்காம் படி: காப்பகருக்கு எழுதுதல்

மின்னஞ்சலைச் சுருக்கமாக எழுதவும். யார் நீங்கள், என்ன கேள்வி, எந்தக் காலம், விவரப் பட்டியலில் எந்தப் பெட்டிகளை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறீர்கள், எந்தத் தேதிகளில் வர முடியும் என்ற ஐந்தும் இருந்தால் போதும். “கியூப அகதிகளைப் பற்றி உங்களிடம் உள்ளவற்றை அனுப்பவும்” என்று எழுதினால் எந்தக் காப்பகராலும் உதவ முடியாது. “1960-களில் மயாமியிலிருந்து வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் கதையைத் தேடுகிறேன், அகதிகள் மையத்தின் ஆவணங்களில் இன்ன பெட்டிகள் பொருந்தும் என்று நினைக்கிறேன், வேறெங்காவது பார்க்க வேண்டுமா?” என்று எழுதினால் பட்டியலில் இல்லாத இரண்டு பெட்டிகளின் எண்ணும் சேர்ந்து வரும். சில பெட்டிகள் வேறு கட்டடத்தில் வைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் வருவதற்குப் பல நாள்கள் முன்பே வேண்டுகோளைப் பதிவு செய்ய வேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குக் கியூபப் பாரம்பரியத் தொகுப்பு உதவித்தொகைகள் வழங்கி வந்திருக்கிறது. தகுதி என்ன என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: படிப்பறையில்

அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வெளியே வைத்துவிட்டு, பென்சில், மடிக்கணினி, கைப்பேசி ஆகியவற்றோடு உள்ளே செல்வதே பொதுவான முறை. பேனாவுக்கு அனுமதியில்லை. ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் திறந்து, தாள்களின் வரிசை மாறாமல் புரட்ட வேண்டும். வரிசை தவறாகத் தெரிந்தாலும் சரிசெய்ய முனையாமல் பணியாளரிடம் சொல்ல வேண்டும். சின்னப் பத்திரிகைகளின் தாள் பழுப்பேறி ஓரங்களில் உதிரும் என்பதால் மேசையின் மேலேயே வைத்து இரு கைகளாலும் திருப்பவும். ஒளிப்படம் எடுக்க அனுமதி இருந்தால், ஒவ்வொரு கோப்பைத் திறந்ததும் முதலில் பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் தெரியும் மேலட்டையை ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகே தாள்களை எடுக்கத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் வீட்டுக்குத் திரும்பி எண்ணூறு படங்களை வைத்துக்கொண்டு எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

தேதி இல்லாத தாள்கள் நிறைய வரும். கியூபாவிலிருந்து வந்த கடிதமாகவோ அரசுத் தாளாகவோ இருந்தால், ஆண்டுக்குப் பதிலாகவோ ஆண்டோடு சேர்த்தோ ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்க்கவும்: புரட்சி அரசு ஒவ்வோர் ஆண்டுக்கும் பெயர் சூட்டியது. 1959 விடுதலை ஆண்டு, 1960 நிலச்சீர்திருத்த ஆண்டு, 1961 கல்வி ஆண்டு, 1962 திட்டமிடல் ஆண்டு. எண்களால் எழுதிய தேதிகளில் ஸ்பானிய வழக்கப்படி நாள் முதலில் வரும், அமெரிக்க அலுவலகத் தாள்களில் மாதம் முதலில் வரும்; ஒரே கோப்பில் இரண்டும் கலந்திருக்கும். மயாமியில் அச்சான ஏடுகளுக்கு விளம்பரங்களும் முகவரிகளும் துப்புக் கொடுக்கும். உதாரணமாக, அகதிகள் மையம் மயாமி நகர மையத்தில் இன்று விடுதலைக் கோபுரம் எனப்படும் 1925-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் 1962 முதல் 1974 வரைதான் இயங்கியது. கியூபர்கள் ‘எல் ரெஃபூகியோ’ என்று அழைத்த அந்த இடத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுமாறு ஒரு துண்டறிக்கை சொன்னால், அது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அச்சானது என்று கொள்ளலாம்.

ஆறாம் படி: யார் இல்லை என்பதையும் குறித்தல்

‘கியூபா பற்றிய உண்மை’ குழுவின் கோப்புகளைப் படிப்பவர் அக்குழுவின் நோக்கம் காஸ்ட்ரோ அரசை எதிர்ப்பது என்பதை மறக்க முடியாது. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. சிக்கல், இவ்வளவு வெளிப்படையாக இல்லாத சாய்வுகளில்தான் இருக்கிறது. முதல் அலையினரில் பெரும்பாலோர் வெள்ளையர், நடுத்தர அல்லது மேல்தட்டு வகுப்பினர். தொகுப்புகளின் முதுகெலும்பு அவர்களின் காகிதமே. மரியெலில் வந்தவர்களில் கறுப்பினத்தவரும் உழைக்கும் வகுப்பினரும் கூடுதலாக இருந்தனர்; அவர்களைக் குற்றவாளிகளாகச் சித்திரித்த செய்தித்தாள் கத்தரிப்புகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்போது, அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எங்கே என்று கேட்க வேண்டும். லிதியா கப்ரேராவின் குறிப்பேடுகளிலும் இதே கேள்வி எழும்: எழுதியது வெள்ளைக்கார அறிஞரின் கை, சொன்னது கறுப்பின முதியவர்களின் வாய். அவர்களின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அத்தொகுப்பு வேறொன்றாகத் திறக்கும்.

மறுகரையையும் விட்டுவிடக் கூடாது. ஹவானாவில் 1901-இல் நிறுவப்பட்ட ஹோசே மார்த்தி தேசிய நூலகத்தின் நூல்களை எண்ணிமமாக்க ஃப்ளோரிடா பல்கலைக்கழக நூலகங்கள் அதனோடு சேர்ந்து பணி செய்திருக்கின்றன. அமெரிக்கப் பொருளாதாரத் தடை புத்தகம், பத்திரிகை போன்ற தகவல் பொருள்களுக்குப் பொருந்தாது என்று 1988-இல் சட்டம் திருத்தப்பட்டதும் இத்தகைய பரிமாற்றத்துக்கு வழிவிட்டது. ஒரே நிகழ்ச்சியை, எடுத்துக்காட்டாக 1980 ஏப்ரலில் ஹவானாவின் பெரு நாட்டுத் தூதரகத்துக்குள் பத்தாயிரம் பேர் புகுந்ததை, இரு கரைகளின் பத்திரிகைகளிலும் ஒரே வாரத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

ஏழாம் படி: அனுமதியும் மேற்கோளும்

காப்பகம் காகிதத்துக்கு உரிமையாளராக இருக்கலாம். அதில் எழுதியிருப்பதற்கான பதிப்புரிமை எழுதியவரிடமோ அவர் வாரிசுகளிடமோ இருக்கலாம். வெளியிடப்படாத கடிதத்துக்கும் அமெரிக்கச் சட்டப்படி எழுதியவர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. சில வரிகளை மேற்கோள் காட்டுவதற்கும், முழுக் கடிதத்தையும் மொழிபெயர்த்து வெளியிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, இரண்டாவதற்கு எழுத்துமூலம் அனுமதி பெறவும். உயிரோடிருப்பவர்களின் உறவினர்கள் இன்னும் கியூபாவில் வசிக்கக்கூடும் என்பதால், சட்டம் அனுமதித்தாலும் தனிமனிதரின் பெயரைத் தவிர்ப்பது நல்லது.

மேற்கோள் குறிப்பில் ஆவணத்தின் விவரம், தேதி, பெட்டி எண், கோப்பு எண், தொகுப்பின் பெயர், காப்பகத்தின் பெயர், பல்கலைக்கழகம், ஊர் என்ற வரிசை பொதுவாக ஏற்கப்படுவது. காப்பகமே விரும்பும் வடிவம் விவரப் பட்டியலின் தொடக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். படிப்பறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளவும்.